நேரத்துக்குத் தைத்துக் கொடுப்பது எப்படி: பத்து நாள் பயிற்சி

தபாஸ்கி என்று அங்கே சொல்லும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது. டக்கார் நகரத்துத் தையல்காரர்களுக்குச் சோறு தின்னக்கூட நேரமில்லாத அந்த வேளை பார்த்து, தேசிய ஆடைப் படைப்பாளர் மேம்பாட்டு மன்றத்திலிருந்து அராம் ஃபாய்க்கு ஒரு கடிதம் வந்தது. அதில் மூன்று முத்திரை குத்தியிருந்தார்கள். மூன்று முத்திரை குத்திய கடிதத்தில் நல்ல சேதி வந்ததாக கிராண்ட் யோஃப் பேட்டையில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அராமின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதனால் பூவேலை மிஷினில் உட்கார்ந்திருந்த செர்னோதான் பிரித்துப் படித்தான்.

"நம் நாட்டுத் தையற்கலைஞர்கள் வாக்களித்த நாளில் ஆடைகளை ஒப்படைப்பதில்லை என்பது மன்றத்தின் ஆய்வில் தெரிய வந்துள்ளது. இந்நோய் தபாஸ்கிக்கு முந்தைய இரு வாரங்களில் உச்சத்தை அடைகிறது. நோய் உச்சத்தில் இருக்கும்போதே மருந்து கொடுப்பதுதான் அறிவியல் என்பதால், நாளை முதல் பத்து நாட்களுக்கு, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, காலந்தவறாமைப் பயிற்சி முகாம் நடைபெறும். ஒரே ஒரு வேளை வரத் தவறியவர்களுக்கும் தொழில் உரிமம் புதுப்பிக்கப்பட மாட்டாது. கடை முத்திரையிடப்படும்."

செர்னோ கடிதத்தை மடித்தான். "அக்கா, இடுப்பு வலி வந்து கத்துறவளக் கூட்டிட்டுப் போயி, குழந்தை வளர்க்கிறது எப்படின்னு பாடம் எடுப்பாங்களா?"

அராம் சிரிக்கவில்லை. வெட்டு மேஜையில் அறுபத்திரண்டு பேருடைய துணி அடுக்கியிருந்தது. தைக்க மூன்று பேர் இருந்தாலும், துணியை வெட்டுவது அராம் மட்டும்தான். அவள் வெட்டாவிட்டால் மூன்று மிஷினும் சும்மா கிடக்கும்.

டக்காரில் தையல்காரர் சொல்லும் தேதியை யாரும் நம்புவதில்லை. பெருநாள் தொழுகைக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு கை மட்டும் வைத்த அங்கியைக் கொண்டுவந்து நீட்டி, "இன்னொரு கை இதோ வந்துக்கிட்டே இருக்கு" என்று சொன்னவர்கள் அந்த ஊரில் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், ஒன்பது தபாஸ்கியில் ஒரு துணிகூட அராம் தாமதமாகக் கொடுத்ததில்லை. அவளிடம் பெரிய கடை கிடையாது, பெயர்ப்பலகைகூடப் பாதி எழுத்து உரிந்துபோனது. அவளுடைய சொத்தெல்லாம் சொன்ன நாள் தவறாத அந்தச் சொல்தான். காஸ்டோர் சந்தையில் மீன் விற்கும் கினே அக்கா அதை ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். "அராம் வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமை. சூரியன் ஒரு நாள் லேட்டா வந்தாலும் வரும், அவ துணி லேட்டா வராது."

உரிமம் போனால் கடை போகும், முகாமுக்குப் போனால் பெயர் போகும். அராம் ஒரு முடிவுக்கு வந்தாள். விடியற்காலை எழுந்து வெட்டிக் கொடுத்துவிட்டு முகாமுக்குப் போவது, வந்து மறுபடி வெட்டுவது. செர்னோ கடிதத்தை ஊசிப்பெட்டிக்கு அடியில் வைத்தான்.

முதல் நாள் காலை எட்டே முக்காலுக்கே அராம் மன்றத்தின் வாசலில் இருந்தாள். அவளைப் போல இன்னும் முப்பத்தொன்பது தையல்காரர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் முகமும் வீட்டில் அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டு வந்தவர் முகம் மாதிரி இருந்தது. வாசலிலேயே போன்களை வாங்கி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார்கள். கவனம் சிதறுமாம். பெருநாளுக்குத் துணி கொடுத்தவர்கள் அத்தனை பேரும் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால், நாற்பது போனும் ஒன்றாக நடுங்கி, தொட்டி தானாகவே மேஜை ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள மன்றம் ஓர் ஊழியரை நியமித்திருந்தது.

காலந்தவறாமைப் பயிற்சி ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டும். பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றும் வழக்கம் அங்கே கிடையாது, நாடாதான் வெட்ட வேண்டும். நாடா வெட்ட வரவேண்டிய அமைச்சகப் பிரதிநிதி வரவில்லை. காரணத்தை மன்றத்தின் டைரக்டர் அன்சுமானா ஜாத்தாவே மேடையில் ஏறிச் சொன்னார்.

"மதிப்புக்குரிய பிரதிநிதியின் அங்கி இன்னும் தையல்காரரிடமிருந்து வரவில்லை. பாருங்கள், இந்த நோய் அரசாங்கத்தையே எட்டிவிட்டது! இந்த மூன்று மணி நேரத் தாமதத்துக்கு உங்கள் தொழில்தான் பொறுப்பு."

அந்தத் தையல்காரர் அராமுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். பெயர் வால்டியோ, பழைய ஆள். அவர் எழுந்து, "ஐயா, அந்த அங்கி என் கடையிலதான் இருக்கு. பொத்தான் மட்டும்தான் பாக்கி. ஒரு மணி நேரம் விட்டா போயி வச்சுட்டு வந்துடுவேன்" என்றார்.

"முகாம் நடக்கும்போது யாரும் வெளியே போகக் கூடாது" என்றார் டைரக்டர். "விதி விதிதான்."

கடைசியில் நாடாவை டைரக்டரே வெட்டினார். கத்தரி மொண்ணை. மூன்று முறை கடித்தும் நாடா அறவில்லை. நாற்பது தையல்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லாருடைய விரலும் தொடையில் தானாக அசைந்தது.

இரண்டாம் நாள் படைப்பாற்றல் பாடம். அதை நடத்தியவர் மன்றத்தின் ஆலோசகர் பாபக்கர் நியாங். வெளிநாட்டில் படித்தவர், சட்டையில் பேனா மூன்று வைத்திருந்தார். ஆப்பிரிக்க உணர்வு ததும்பும் ஒரு டிசைனை அரைமணி நேரத்தில் வரையச் சொன்னார்.

அராமுக்கு அரைமணி நேரம் தேவைப்படவில்லை. அவளுடைய கையொப்பம் என்று ஊரே சொல்லும் ஒரு பூவேலை உண்டு. ஜோவால் கடற்கரையில் மீனவர்கள் கிழிந்த வலையைக் கட்டுவதற்குப் போடும் முடிச்சு. அதைப் பட்டு நூலில் கழுத்தைச் சுற்றி ஓட்டி, தோளில் அவிழ்த்து விட்டாற்போல் முடிப்பாள். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று வருஷம் ஆனது, நூல் மட்டும் எத்தனை சுருள் பாழானது என்று செர்னோவைக் கேட்க வேண்டும். அதை வரைந்து கொடுத்தாள்.

ஆலோசகர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது?"

"இது வலை முடிச்சு சார். எங்க ஊரு மீனவங்க போடுறது."

"அது சரி. சிங்கம் எங்கே? முகமூடி எங்கே? ஒரு வரைபடமாவது இருக்க வேண்டாமா? வாங்குகிறவர் எப்படி அடையாளம் காண்பார்? ஓர் ஒட்டகச்சிவிங்கி சேருங்கள்."

அராம் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்திருக்கிறாள், பூங்காவில், டிக்கெட் எடுத்து. "எங்க யாரு சார் சட்டையில ஒட்டகச்சிவிங்கி போட்டுக்கிட்டு பெருநாள் தொழுகைக்குப் போறாங்க?" என்றாள்.

"அதுதான் உங்கள் பிரச்சினை. உள்ளூர்க்காரர்களுக்காக மட்டும் யோசிக்கிறீர்கள்" என்று பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டார். பக்கத்தில் இருந்தவர் மறுபேச்சு பேசாமல் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார். அது ஆடு மாதிரி இருந்தது. அவருக்கு எட்டு.

மூன்றாம் நாள் இடைவேளையில் டைரக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் பளபளவென்று நீல பஸேன் துணி ஆறு மீட்டர் இருந்தது.

"நீதானம்மா அந்த வலை முடிச்சு? என் மனைவி சொன்னாள். பெருநாளுக்கு எனக்கு ஒரு பூபூ அங்கி வேண்டும். நேரத்துக்குக் கொடுத்துவிடுவாயா?"

"என்னை இங்கேருந்து விட்டீங்கன்னா நேரத்துக்கு முன்னாடியே கொடுப்பேன் சார்."

டைரக்டர் வருத்தத்தோடு தலையசைத்தார். "அதை மட்டும் கேட்காதே. வருகைப் பதிவில் ஒரு நாளைக்கு நாலு கையெழுத்து இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் என் கையில் இல்லை. முகாமை முடித்துவிட்டு நிதானமாகத் தை. அவசரப்பட்டால் வேலை கெட்டுவிடும்."

மறுக்கத்தான் நினைத்தாள். ஆனால் உரிமத்தில் கையெழுத்துப் போடுகிறவரிடம் எந்த வாயால் மறுப்பது? துணியை வாங்கிக்கொண்டாள். அறுபத்து மூன்று ஆயிற்று.

நான்காம் நாள் அராம் கீழ்த்தளத்துக் கக்கூஸைத் தேடிப் போனபோது ஓர் அறையின் கண்ணாடி வழியே பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே இருபது தையல் மிஷின். புத்தம்புதுசு. எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாக நின்றன. அவள் ஓடிப்போய் டைரக்டரின் கதவைத் தட்டினாள்.

"சார், மத்தியான இடைவேளை ரெண்டு மணி நேரம் இருக்கு. எங்க எல்லாருக்கும் மிஷின் ஓட்டத் தெரியும். துணிய இங்கேயே எடுத்துட்டு வந்துடுறோம். இடைவேளைல தச்சுக்கிறோம். ஊசி நூல் எல்லாம் எங்களோடதே."

"அந்த மிஷின்களா? அவை தையல்காரர்களுக்காகத்தான் வந்தவை" என்றார் டைரக்டர் பெருமையாக. "நாலு வருஷம் ஆயிற்று. பயன்படுத்தாமல் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம் பார்த்தாயா? திறப்பு விழா நடக்கவில்லை. திறப்பு விழாவுக்கு முன் உறையைப் பிரித்தால் கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள்?"

"எப்ப சார் திறப்பு விழா?"

"அது கொஞ்சம் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது."

அன்று சாயங்காலம் அராம் கடைக்கு வந்தபோது செர்னோவும் மற்ற இருவரும் காலையில் வெட்டிக் கொடுத்ததைத் தைத்து முடித்துவிட்டு, மூன்றாவது சுற்றுத் தேநீரைக் கொதிக்கவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அராமுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவர்கள் மேல் இல்லை, ஆனால் அவர்கள்தான் எதிரே இருந்தார்கள். கத்தித் தீர்த்தாள். செர்னோ கேட்டுக்கொண்டு, ஒரு கிளாஸ் தேநீரை நீட்டினான்.

"கத்து அக்கா. ஆனா கத்திக்கிட்டே வெட்டு."

வெட்டினாள். யாருடையதை முதலில் வெட்டுவது, யாருடையதைத் தள்ளிப்போடுவது என்று இந்த ஒன்பது வருஷத்தில் அவள் யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தாள். சண்டை போடுகிறவர்கள், மூன்று தடவை போன் பண்ணினவர்கள், அவர்களுடையது மேலே வந்தது. நம்பினவர்களுடையது கீழே போனது. கினே அக்கா ஒரே ஒருமுறைதான் போன் பண்ணினாள், அதுவும் வெங்காயம் எங்கே மலிவு என்று கேட்க. "துணியப் பத்தி நான் எதுக்குடி கேக்கப்போறேன்? நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை?" என்று வைத்துவிட்டாள். அவளுடைய ஊதாத் துணி எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

ஏழாம் நாள் வியாபாரத் திட்டம். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். "உங்கள் தொழிலின் மிகப்பெரிய தடை எது?" என்று திரை கேட்டது. அராம் நிறையச் சொல்லலாம் என்று ஆசையாக உட்கார்ந்தாள். கரண்ட் போவது, நூல் விலை, வங்கியில் கடன் கேட்டால் வீட்டுப் பத்திரம் கேட்பது, சந்தைக்கு வந்து ஒரு வாரத்தில் அவள் டிசைனைக் காப்பியடித்து மூட்டை மூட்டையாய் இறக்குகிறவர்கள். ஆனால் எழுத இடம் இல்லை. மூன்றில் ஒன்றைத்தான் அழுத்தலாம்: பயிற்சி இல்லாமை, போதிய பயிற்சி இல்லாமை, தொடர் பயிற்சி இல்லாமை.

"இந்த மூணுல எதுவும் இல்ல சார்" என்றாள் ஆலோசகரிடம்.

"இல்லை என்றால் அடுத்த பக்கம் போகாது. அடுத்த பக்கம் போகாவிட்டால் இன்றைக்கு நீங்கள் வந்ததாகக் கணக்கில் வராது."

அராம் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருந்ததை அழுத்தினாள். நாற்பது பேரும் அப்படித்தான் ஏதோ ஒன்றை அழுத்தினார்கள். மாலையில் ஆலோசகர் மகிழ்ச்சியோடு முடிவை அறிவித்தார்: நாட்டின் தையற்கலைஞர்களில் நூற்றுக்கு நூறு பேர் பயிற்சிக்காக ஏங்குகிறார்கள்.

பத்தாம் நாள் நிறைவு விழா. நன்றியுரைக்கு அராமைப் போட்டிருந்தார்கள். பெருநாளுக்கு இன்னும் இரண்டே நாள். இருபத்தாறு துணி வெட்டக்கூட இல்லை. அவளுக்குப் பயம் போய்விட்டது. நாலு கையெழுத்தும் விழுந்தாயிற்று, உரிமம் பத்திரம், இனி வாயை எதற்குக் கட்ட வேண்டும்? ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"டைரக்டர் சார், நீங்க எங்களுக்கு நேரத்தோட அருமையச் சொல்லிக் குடுத்தீங்க. எப்படின்னா, எங்ககிட்ட இருந்து அதப் புடுங்கிக்கிட்டு. இந்தப் பத்து நாள்ல இங்க நான் கத்துக்கிட்டது மூணே மூணுதான். உங்க கத்தரி மொண்ணை, உங்க ஒன்பது மணி பன்னிரண்டேகாலுக்குத்தான் அடிக்குது, உங்க மிஷின் கவர்க்குள்ள தூங்குது. எங்க ஜனங்க பெருநாள் அன்னிக்கு அம்மணமா நிக்கப்போறாங்க, அதுக்குக் காரணம் நீங்க!"

 வால்டியோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

அராம் ஒன்றை மறந்துவிட்டாள். அவள் செரேர்க்காரி, டைரக்டர் ஜோலாக்காரர். இந்த இரண்டு இனத்துக்கும் நடுவே கேலி முறை உண்டு. ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் பேசலாம், திருடன் எனலாம், அடிமை எனலாம். கோபப்படத்தான் கூடாது, சிரிக்க வேண்டும். கல்யாணமோ சாவோ போலீஸ் ஸ்டேஷனோ, எங்கே பார்த்தாலும் இந்தப் பேச்சு நடக்கும். எவ்வளவு காரமாகப் பேசுகிறார்களோ அவ்வளவு பாசம் என்று அர்த்தம்.

டைரக்டர் முகமெல்லாம் மலர்ந்து எழுந்தார். "கேட்டீர்களா! இந்த செரேர்ப் பொண்ணு யாரு? என் அடிமை! என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என்னையே வையுது! ஏய், உங்க கூட்டத்துக்கே வாய் மட்டும்தானே நீளம்!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

"நான் கேலி பண்ணல சார்! நெஜமாத்தான் சொல்றேன்!" என்று அராம் கத்தினாள்.

"அவங்க எப்பவுமே அப்படித்தான் சொல்வாங்க!" என்றார் டைரக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரிப்பு இரண்டு மடங்கானது. அமைச்சகப் பிரதிநிதி, அன்றைக்கு வேறு அங்கியில் வந்திருந்தவர், எழுந்து நின்று கைதட்டினார். நிகழ்ச்சிக் குறிப்பில், "நன்றியுரை மனம் நிறைந்த நகைச்சுவையாக அமைந்தது" என்று எழுதினார்கள். அராம் ஒலிவாங்கியை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். திட்டினால் அடி விழும் என்பதற்குத் தயாராக இருந்தவள், தட்டிக்கொடுப்பார்கள் என்பதற்குத் தயாராக இல்லை.

பெருநாளுக்கு முந்தின நாள். தெருவெல்லாம் ஆடு கத்திக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் அராமும் செர்னோவும் மற்ற இருவரும் உயிரைக் கொடுத்துப் பதினைந்தை முடித்துவிட்டார்கள். பதினொன்று பாக்கி. பாக்கிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கடை வாசலில் நின்றார்கள். கடைசியாக ஒரு கார் வந்து நின்றது. டைரக்டர் இறங்கினார். செர்னோ அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டான். அவருடைய நீலத் துணியும் அந்தப் பதினொன்றில்தான் இருந்தது.

கினே அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். கையை நீட்டினாள். அராம் எதையும் கொடுக்கவில்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"இல்லையா?"

"இன்னும் வெட்டலக்கா."

கினே அக்கா இடுப்பில் கை வைத்தாள். "என்னடி ஆச்சு? காய்ச்சலா? கரண்ட் போச்சா? அத்தை செத்துப் போச்சா? ஊர்ல இருக்கிற தையல்காரனுங்க சொல்ற சாக்கெல்லாம் வரிசையாச் சொல்லிட்டேன். உனக்கு எது வேணுமோ எடுத்துக்க."

"அதெல்லாம் இல்லக்கா. பயிற்சின்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. பத்து நாள் உக்கார வச்சுட்டாங்க."

"என்ன பயிற்சி?"

 சொன்னால் எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் அராமுக்கே தெரிந்தது. வேறு வழி இல்லை.

"நேரத்துக்குத் தச்சுக் குடுக்கிறது எப்படின்னு."

முதலில் யாரோ பின்னால் மூக்கால் சிரித்தார்கள். பிறகு வாசல் முழுக்கச் சிரித்தது. "அடேயப்பா, பொய்யிலகூடப் புது டிசைன் போடுறாய்யா இவ!" என்று ஒருவர் கத்தினார்.

"பொய் இல்ல!" அராம் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். "இதோ, டைரக்டரே உக்காந்திருக்காரு. அவரையே கேளுங்க. சார், நீங்க சொல்லுங்க சார்."

எல்லாரும் திரும்பினார்கள். டைரக்டர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவர் சொல்வது முழு உண்மை. பத்து நாளும் வந்தார். நாற்பது கையெழுத்தும் இருக்கிறது. காலந்தவறாமை குறித்து மன்றம் நடத்திய மிகச் சிறந்த முகாம் அது."

வாசலில் சிரிப்பு நின்றது. அப்பாடா என்று அராம் மூச்சு விட்டாள்.

கினே அக்கா டைரக்டரைப் பார்த்தாள், அராமைப் பார்த்தாள். "அப்ப பத்து நாள் படிச்சுமா உன் மண்டையில ஏறல?"

இந்த முறை சிரிப்பு தெருமுனை வரை போனது. பக்கத்துக் கடைக்காரன்கூட வெளியே வந்து என்ன என்று கேட்டான், அவனுக்கும் சொன்னார்கள், அவனும் சிரித்தான். டைரக்டர் சிரிக்கவில்லை. ஆழ்ந்த வருத்தத்தோடு கினே அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இதைத்தானம்மா நானும் சொல்கிறேன். பத்து நாள் போதவில்லை. அடுத்த தபாஸ்கிக்கு இருபது நாளாக்கப் போகிறோம்."

கினே அக்கா சண்டை போட்டிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தால்கூட அராம் வாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த நீரைத் தலைத்துணியில் துடைத்துக்கொண்டு, மேஜை மேலிருந்த அடுக்கின் அடியிலிருந்து தன் ஊதாத் துணியை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அராமின் கன்னத்தை ஆதரவாகத் தட்டினாள்.

"விடுடி, மனசுல வச்சுக்காத. நீ மட்டும் என்ன பண்ணுவ? நீயும் தையல்காரிதானே."

அவள் போனபிறகு அராம் அடுத்த துணியை எடுத்து மேஜையில் விரித்தாள். கத்தரியை வைக்கும் இடம் சரியாகத் தெரியவில்லை. செர்னோ மிஷினை நிறுத்திவிட்டு, அவள் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தான்.